உள்ளே: கணவர், ஒன்று

நாவலங்குளம் காவல் நிலையத்தில் திருட்டுப் புகார் கொடுக்கிறவர்கள் வெறுங்கையோடு திரும்புவதில்லை. எது பறிபோனதோ அதற்கு ஈடான ஒன்றை, வழக்கு முடிகிறவரை வைத்துக்கொள்ளச் சொல்லி, அன்றைக்கே இரவலாகக் கொடுத்து அனுப்புவார்கள். சைக்கிளைப் பறிகொடுத்தவர் சைக்கிளில் வீடு திரும்புவார். வடக்குத் தெருவில் ஒரு தபால்காரர் தன் தைரியத்தைப் பறிகொடுத்தபோது, பழைய அடிதடி வழக்கொன்றில் கைப்பற்றி வைத்திருந்த தைரியத்தைக் கொடுத்தார்கள். அவருக்கு அது ஒரு சுற்றுப் பெரிது. மனிதர் போகிற வழியிலேயே மூன்று பேரிடம் வம்பு வளர்த்துவிட்டு, நான்காவதாகத் தன் மாமியார் முன்னால் போய் நின்றார். மற்றபடி ஏற்பாட்டில் குறை சொல்ல ஒன்றுமில்லை.

சாட்சிகளையும் அங்கே நன்றாகத்தான் கவனிப்பார்கள். கண்டதை ஸ்டேஷனில் ஒப்படைத்துவிட்டுப் போய்விடலாம். அதை ஒரு கண்ணாடிப் புட்டியில் போட்டு மூடி, பெயர் எழுதி ஒட்டி, அலமாரியில் வைத்துவிடுவார்கள். கோர்ட்டில் கூப்பிடும் நாளில் வந்து வாங்கிக்கொண்டால் போதும். அதுவரை சாட்சிக்கு ஒன்றும் ஞாபகம் இருக்காது. நிம்மதியாகச் சாப்பிடலாம், பிள்ளைகளை அடிக்கலாம், எதுவும் செய்யலாம்.

செண்பகவல்லியின் மதியத் தூக்கம் திருடு போனது ஆடி மாதத்தில் ஒரு வியாழக்கிழமை. அவள் பள்ளிக்கூடத்தில் சத்துணவு அமைப்பாளர். வயது ஐம்பத்தெட்டு. இரண்டு மணிக்கு வீட்டுக்கு வந்து, கைகால் கழுவி, பாயில் தலை சாய்த்தால் மூன்றரை வரை ஊரே இடிந்து விழுந்தாலும் எழுந்திருக்க மாட்டாள். அன்றைக்குப் பாயை விரித்த நேரத்தில் கீரைக்காரி முத்துப்பேச்சி குரல் கொடுத்தாள். இரண்டு கட்டு சிறுகீரையை வாங்கிக்கொண்டு திரும்பினால் பாய் மட்டும் கிடக்கிறது, தூக்கத்தைக் காணோம். யாரோ பின்வாசல் வழியாக நுழைந்து சுருட்டிக்கொண்டு போயிருந்தார்கள்.

திருடன் அதைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு தெருமுனை திரும்பியதை முத்துப்பேச்சி பார்த்தாள். அன்று சாயங்காலமே கண்டதை ஸ்டேஷனில் ஒப்படைத்துவிட்டு, மறுநாள் பழையபடி கீரை விற்க வந்தாள். "ஏங்க்கா கண்ணு செவந்திருக்கு, தூங்கலயா?" என்று செண்பகவல்லியையே கேட்டாள்.

புகாரை எழுதியவர் ஏட்டு ஞானதிரவியம். பெரிய மீசை, சின்னக் குரல். திருடனைப் பிடிப்பது, அடிப்பது, துரத்துவது எதுவும் அவர் பொறுப்பில்லை. புகார் கொடுத்தவர்களைக் கவனித்து, நடப்பதை அவ்வப்போது அவர்களுக்குச் சொல்வது மட்டும்தான் வேலை. இருபத்தாறு வருடமாக அதை ஒழுங்காகச் செய்துவந்தார்.

"என்ன கலரும்மா?"

"நீலம். ஓரம் கொஞ்சம் வெளுத்திருக்கும்."

"எவ்வளவு நேரம் வரும்?"

"ஒன்றரை மணி நேரம். மூணு மணிகிட்ட ஒரு கிழிசல் உண்டு. பக்கத்து வீட்டுல மிக்ஸி போடுற நேரம்."

"உள்ள ஏதாவது இருந்துச்சா?"

"எங்க வீட்டுக்காரர் இருந்தாக."

ஏட்டு தலையை நிமிர்த்தாமல் எழுதினார். உள்ளே: கணவர், ஒன்று.

கணவர் பெயர் பலவேசம். மின்வாரியத்தில் வயர்மேனாக இருந்து ஒன்பது வருடத்துக்கு முன்னால் இறந்துபோனவர். தினமும் மதியம் இரண்டரை மணிக்கு அவள் தூக்கத்துக்குள் வருவார். சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டுவார். பாயின் கால்மாட்டில் உட்கார்ந்து, "கரண்ட் வந்துச்சா?" என்று கேட்பார். "வந்துச்சு" என்பாள் அவள். அதன் பிறகு இருவரும் சும்மா இருப்பார்கள். ஒன்பது வருடமாக அவர்களுக்குள் இருந்த பேச்சுவார்த்தை அவ்வளவுதான். ஆனால் அது இல்லாமல் அவளுக்கு ஒரு நாளும் போனதில்லை. உயிரோடு இருந்த காலத்தில்கூட மனிதர் இத்தனை ஒழுங்காக வீடு வந்து சேர்ந்ததில்லை.

"தூக்கம் போனா போகுது ஏட்டய்யா. அவுகளை மட்டும் மீட்டுக் குடுத்துருங்க. யாரு கையில மாட்டிக்கிட்டு முழிக்காகளோ" என்றாள். ஏட்டு அதையும் எழுதிக்கொண்டார்.

இரவலாகக் கிடைத்தது ஒரு லாரி டிரைவரின் தூக்கம். வண்டி ஓட்டும்போதே தூங்கி, மதுரை ரோட்டில் ஒரு புளியமரத்தின்மேல் மோதியிருந்தார். டிரைவரை ஜாமீனில் விட்டார்கள், தூக்கத்தை விடவில்லை. பழுப்புத் தாளில் சுற்றி, அரக்கு முத்திரை வைத்துக் கொடுத்தார்கள். அந்த வழக்கு இன்னும் நடக்கிறது. ஏட்டு மாதம் ஒருமுறை புளியமரத்திடம் போய் நிலவரம் சொல்லிவிட்டு வருகிறார்.

தூக்கம் என்னவோ கெட்டியான தூக்கம்தான். படுத்த உடனே பிடித்துக்கொள்ளும். உள்ளே எந்நேரமும் ரோடு வந்துகொண்டே இருக்கும். செண்பகவல்லி ஸ்டியரிங்கைப் பிடித்தபடி உட்கார்ந்திருப்பாள். பின்னால் பத்து டன் வெங்காயம். அந்தத் தூக்கத்தில் பிரேக் கிடையாது, இருந்திருந்தால் மரம் தப்பித்திருக்கும். முதல் வாரம் பயந்து நடுங்கினாள். இரண்டாம் வாரம் கியர் பழகியது. மூன்றாம் வாரம், சத்துணவுக் கூடத்தில் முட்டை உரிக்கிறபோதே அவள் இடது கால் தானாகக் கிளட்சை மிதித்தது. கணவர் சைக்கிளின் பின்சீட்டில் உட்காரவே பயந்து, கல்யாணமான புதிதில் கோவிலுக்கு நடந்தே போன பெண் அவள்.

செவ்வாய்க்கிழமை தோறும் நாலு மணிக்கு ஏட்டு வீட்டுக்கு வந்து தகவல் சொன்னார். புதிதாகத் தகவல் இல்லாவிட்டால் இல்லை என்பதைச் சொல்ல வந்தார். "இந்த வாரம் ஒண்ணுமில்லம்மா" என்று சொல்லுவதற்காக ஒன்றரை மைல் வெயிலில் சைக்கிள் மிதித்து வருகிற ஆளை என்னவென்று கோபிப்பது? டீ போட்டுக் கொடுத்தாள்.

ஐந்தாவது செவ்வாயன்று தகவல் இருந்தது. பக்கத்து ஊரில் ஒரு சலூன்காரரைக் குறட்டையும் கையுமாகப் பிடித்திருந்தார்கள். அவர் வீட்டில் இரட்டைப் பிள்ளை பிறந்து மூன்று மாதம். திருட்டு நடந்த அன்றைக்கு மனிதர் கண்ணை மூடி அறுபது நாள் ஆகியிருந்தது. முகச்சவரம் செய்ய வந்த மூன்று பேருக்கு மீசையை எடுத்துவிட்டார். அதன் பிறகுதான் திருடுவதென்று முடிவுக்கு வந்தாராம்.

"எங்க வீட்டுக்காரர்?"

"உள்ள ஒருத்தர் இருந்தாருன்னு அவனே ஒத்துக்கிட்டாம்மா. சட்டையை ஆணியில மாட்டிட்டு உக்காந்தாராம். இவனைப் பார்த்து, கரண்ட் வந்துச்சான்னு கேட்டாராம். தெரியலையேன்னு இவன் சொல்லியிருக்கான். நாலு நாள் கேட்டுப் பார்த்துட்டு, சட்டையை எடுத்துப் போட்டுக்கிட்டுக் கெளம்பிட்டாராம்."

"எந்தப் பக்கம்?"

"அதைத்தான் விசாரிச்சிட்டிருக்கோம்."

திருடியவன் திருடினான், ஒரு பதில் சொல்லத் தெரிய வேண்டாமா? வந்துச்சு என்று சொல்ல எத்தனை நாழி ஆகும்? செண்பகவல்லிக்கு அந்தச் சலூன்காரர்மேல் முதல்முறையாகக் கோபம் வந்தது அப்போதுதான்.

தாலுகா ஆபீஸ் கூடத்தில் மாஜிஸ்திரேட் முன்னிலையில் அடையாள அணிவகுப்பு நடந்தது. ஏழு மதியத் தூக்கங்களை வரிசையாக விரித்திருந்தார்கள். எல்லாமே நீலம், எல்லாமே ஒன்றரை மணி நேரம். செண்பகவல்லி ஒவ்வொன்றிலும் கொஞ்சம் கொஞ்சம் படுத்துப் பார்த்தாள். முதலாவதில் யாரோ ஓயாமல் செருப்பைத் தேடினார்கள். மூன்றாவதில் ஒரு கல்யாண வீடு, பந்தியில் ஆடுகள் உட்கார்ந்து பொறுமையாகச் சாப்பிட்டன. ஐந்தாவதில் தலை வைத்ததுமே அவளுக்குத் தெரிந்துவிட்டது. அதே பாய், அதே சுவர். ஆணி இருந்தது. சட்டை இல்லை. அவள் அங்கேயே உட்கார்ந்து வாய்விட்டு அழுதாள். "கண்ணீருடன் அடையாளம் காட்டினார்" என்று மாஜிஸ்திரேட் எழுதினார்.

தீர்ப்பு வருகிறவரை தூக்கம் கோர்ட்டில்தான் இருக்க வேண்டும் என்றார்கள். வெங்காய லோடோடு அவள் வீடு திரும்பினாள்.

அடுத்த செவ்வாயன்று ஏட்டு நாற்காலி நுனியில் உட்கார்ந்தார். நல்ல தகவலை அவர் நாற்காலி நிறைய உட்கார்ந்து சொல்லுவது வழக்கம்.

"கிடைச்சுட்டாரும்மா. நல்லா இருக்காரு."

"எங்க இருக்காக?"

"ஸ்டேஷனுக்கே வந்துட்டாரு. நம்ம ரைட்டர் மத்தியானம் மேசையில தலை வச்சு ஒரு கண்ணு அசருவாருல்ல, அதுக்குள்ள வந்து புகார் குடுத்திருக்காரு. தன் வீட்டுக்காரியைக் காணோம்னு."

"நான் இங்கதானே இருக்கேன்?"

"அவருக்கு நீங்க காணாமப் போனவங்கம்மா. புகாரு புகாருதான், பதிஞ்சாச்சு."

பதிந்தால் அதற்குரிய மரியாதைகளும் உண்டு. முதலில் பலவேசத்துக்கு ஈடான மனைவி ஒன்றை இரவல் கொடுத்திருக்க வேண்டும். வழக்குச் சொத்து அறையில் தேடினார்கள். கோபம் இருந்தது, இரண்டு ஜோடி காது இருந்தது, ஒரு வாசல் இருந்தது, மனைவி இருப்பில் இல்லை. ஆகவே இருப்பு வருகிறவரை, தகவல் சொல்லப் போகிற ஏட்டே கொஞ்ச நேரம் கூட உட்கார்ந்துவிட்டு வருவது என்று இன்ஸ்பெக்டர் முடிவு செய்தார். தினமும் இரண்டரைக்கு ஞானதிரவியம் ஸ்டேஷன் பெஞ்சில் காலை நீட்டித் தூங்கினார். தூக்கத்துக்குள் பலவேசம் வருவார். மறு செவ்வாயன்று செண்பகவல்லி அதையே விசாரித்தாள்.

"என்ன கேக்காக?"

"கரண்ட் வந்துச்சான்னு கேக்காரு."

"நீங்க என்ன சொல்லுவீக?"

"வந்துச்சுன்னு சொல்லுவேன். சும்மா இருந்தா மனுசன் முகம் வாடிப் போகுதும்மா."

செண்பகவல்லிக்கு நன்றியாகவும் இருந்தது, எரிச்சலாகவும் இருந்தது. அவள் சொல்ல வேண்டிய ஒரே ஒரு சொல், அதையும் இந்த மீசைக்காரர் சொல்லிவிட்டு வருகிறார். தானே நேரில் போகிறேன் என்று கேட்டுப் பார்த்தாள். அடையாளம் காட்டுவதற்கு முன்னால் புகார்தாரர் காணாமற்போனவரைப் பார்க்கக் கூடாது என்று ஏட்டு மெதுவாக எடுத்துச் சொன்னார். இந்த முறை அடையாளம் காட்ட வேண்டியவர் பலவேசம். ஏழு பெண்களைப் படுக்க வைப்பார்கள். அவர் ஒவ்வொருத்தி தூக்கத்துக்குள்ளும் போய்ப் பார்த்து, இவள்தான் என்று சொல்ல வேண்டும்.

"கண்டுபிடிச்சிருவாகளா?"

"அதெல்லாம் கண்டுபிடிச்சிருவாரும்மா. எத்தனை வருசம் குடும்பம் நடத்தியிருக்கீங்க" என்றார் ஏட்டு. அன்றைக்கு டீயில் சர்க்கரை போட மறந்திருந்தாள். அவர் சொல்லாமல் குடித்துவிட்டுப் போனார்.

அந்த நாளும் வந்தது. செண்பகவல்லி தலை குளித்து, அவருக்குப் பிடித்த அரக்குப் புடவையைக் கட்டிக்கொண்டு போனாள். கூடத்தில் ஐந்து பாய்களில் பெண்கள் படுத்துவிட்டார்கள், ஆறாவது பாய் அவளுக்கு. ஏழாவது பெண்மணி பேரனுக்குக் காதுகுத்து என்று விளாத்திகுளம் போய்விட்டாள். ஏழு பேர் இல்லாமல் அணிவகுப்பு செல்லாது. எனவே ஏட்டு தொப்பியைக் கழற்றி வைத்துவிட்டு ஏழாவது பாயில் படுத்தார்.

அப்போதுதான் ரைட்டர் பழுப்புத் தாள் பொட்டலத்தை நீட்டினார். செண்பகவல்லி பதறிப்போனாள்.

"என் தூக்கத்தைக் குடுங்கய்யா. அங்கதான் அவுகளுக்கு என்னைத் தெரியும்."

"அது உங்க வழக்குல சாட்சியப் பொருள். ஒரு வழக்குப் பொருளை இன்னொரு வழக்குல எடுக்க முடியாது" என்றார் மாஜிஸ்திரேட். நல்ல மனிதர், பொறுமையாகத்தான் சொன்னார்.

"இதுல நான் லாரில்ல ஓட்டிட்டிருப்பேன்?"

"பரவாயில்ல, ஓட்டுங்க."

மாஜிஸ்திரேட்டும் நடப்பதைப் பதிவு செய்ய வேண்டியிருந்ததால், பேனாவைக் கையில் பிடித்தபடி மேசையில் சாய்ந்து கண்ணை மூடினார். மணி இரண்டரை.

ரோடு வந்தது. செண்பகவல்லி நாலாவது கியரில் போய்க்கொண்டிருந்தாள். வெயில் இல்லை, நிழலும் இல்லை. தூரத்தில் ரோட்டோரமாக ஒருத்தர் நின்றார். சட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு, வண்டிக்குக் கை காட்டுகிறவர்போல வலது கையைப் பாதி தூக்கியிருந்தார். அவள் காலால் பிரேக்கைத் தேடினாள். இல்லாத இடத்தில் மறுபடி மறுபடி மிதித்தாள். வண்டி அவரை நெருங்கியது. பலவேசம் நிமிர்ந்து டிரைவர் சீட்டைப் பார்த்தார். அந்தப் பார்வையை அவள் நன்றாகப் பார்த்தாள். யாரோ ஒரு பொம்பளை என்ன அழகாக வண்டி ஓட்டுகிறாள் என்று அதிசயப்பட்ட பார்வை அது.

"கரண்ட் வந்துச்சா?" என்று அவர் கேட்டது வாயசைவில் தெரிந்தது.

"வந்துச்சு! வந்துச்சுங்க!" என்று அவள் கத்தினாள். வெளியே ஹாரன்தான் கேட்டது. அவர் மரியாதையாக இரண்டு எட்டு ஒதுங்கி நின்று வழிவிட்டார். கண்ணாடியில் அவர் புழுதிக்குள் சின்னதாகிப் போனார். மறுபடி ரோடு வந்தது, இன்னும் ரோடு வந்தது.

எல்லோரும் விழித்த பிறகு மாஜிஸ்திரேட் தான் எழுதியதைப் படித்துக் காட்டினார். முதல் ஆறு பேரையும் புகார்தாரர் தன் மனைவியல்ல என்று சொல்லிவிட்டார். ஏழாவது தூக்கத்தில் சட்டையைக் கழற்றி, கால்மாட்டில் உட்கார்ந்து, வழக்கமாகக் கேட்பதைக் கேட்டார். ஏழாவது நபர் வந்துச்சு என்று பதில் சொன்னார். "கேட்ட கேள்விக்கு வாயைத் திறந்து பதில் சொல்றவ இவ ஒருத்திதான், இவதான் எம்பொண்டாட்டி" என்று புகார்தாரர் கையைப் பிடித்து அடையாளம் காட்டினார். காணாமற்போன மனைவி கிடைத்துவிட்டபடியால் புகார் முடிக்கப்பட்டது.

ஏட்டு ஞானதிரவியம் எழுந்து பாயைச் சுருட்டினார். செண்பகவல்லியை நிமிர்ந்து பார்க்க அவரால் முடியவில்லை. "சொல்லிப் பார்த்தேம்மா. நான் ஏட்டுன்னு சொன்னேன். தெரியும், வேலைக்குப் போறது நல்லதுதான்னு சொல்லிட்டாரு" என்றார்.

அவள் அரக்குப் புடவையின் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள். பஸ்ஸுக்குக்கூட நிற்காமல், வெயிலில் நடந்தே வீட்டுக்குப் போனாள்.

புரட்டாசியில் அவளுடைய வழக்கும் முடிந்தது. சலூன்காரருக்கு ஆறு மாதம் விழித்திருக்கும்படி தண்டனை. கைக்குழந்தைகளை உத்தேசித்து, அதை வீட்டிலிருந்தே அனுபவிக்கலாம் என்று சலுகை கொடுத்தார்கள். நீலத் தூக்கத்தைத் துவைத்து, மடித்து, ஏட்டு கையிலேயே கொடுத்தனுப்பினார்கள். அவள் அதில் நாலு நாள் படுத்துப் பார்த்தாள். பாய் இருந்தது, சுவர் இருந்தது, ஆணி இருந்தது. யாரும் வரவில்லை. மனைவி இருக்கிற இடத்துக்குத்தானே மனிதர் போவார்?

ஐந்தாம் நாள் அவளே ஸ்டேஷனுக்குப் போனாள். பெஞ்சில் ஏட்டு படுக்கிற இடத்தைப் பார்த்தாள். பக்கத்தில் லத்திகளைச் சாத்தி வைத்திருந்தார்கள். மேலே ஒரு டியூப் லைட் அணைந்து அணைந்து எரிந்துகொண்டிருந்தது.

"நாளையிலருந்து மத்தியானம் எங்க வீட்டுக்கு வந்து தூங்குங்க ஏட்டய்யா. என் தூக்கத்துலயே தூங்குங்க."

"அம்மா, அது நீங்க போராடி மீட்டது."

"இந்தப் பெஞ்சுல அவுக சட்டையை எங்க மாட்டுவாக?" என்றாள் செண்பகவல்லி. ஏட்டு பெஞ்சுக்குப் பின்னால் சுவரைத் திரும்பிப் பார்த்தார்.

மறுநாள் இரண்டு மணிக்கு அவர் சைக்கிளில் வந்தார். ரசமும் கத்தரிக்காய்ப் பொரியலும் போட்டாள். பாயை விரித்து, நீலத் தூக்கத்தை உதறி அதன்மேல் போட்டாள். பக்கத்து வீட்டுக்குப் போய், மூன்று மணிக்கு மிக்ஸி போட வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்தாள். ஏட்டு படுத்தார். அவள் சுவரில் சாய்ந்து விழித்துக்கொண்டு உட்கார்ந்தாள். இரண்டரை மணிக்குப் பாயின் கால்மாடு கொஞ்சம் அமுங்கியது. அந்த இடத்தையே அவள் கண் எடுக்காமல் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு மணி நேரம் அவளுக்குப் போனதே தெரியவில்லை.

மூன்றரைக்கு ஏட்டு எழுந்து, முகம் கழுவி, விறைப்பாக நின்று தகவல் சொன்னார்.

"ஆணியைப் பார்த்ததும் ரொம்ப சந்தோசப்பட்டாரும்மா. அப்புறம், உனக்குத் தலை நரைச்சுப் போச்சேன்னு சொன்னாரு. இந்த ஒன்பது வருசமா தனியாவே கஷ்டப்பட்டுட்டியேன்னு சொல்லி, தலையைத் தடவிக் குடுத்தாரு."

"எந்தப் பக்கம்?"

ஏட்டு குனிந்து தலையின் இடது பக்கத்தைக் காட்டினார். செண்பகவல்லி புடவை முந்தானையில் கையைத் துடைத்துவிட்டு, அவர் காட்டிய இடத்தில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தாள். கதகதப்பாக இருந்தது. அவளுக்கு அழுகை வந்தது, அழுதாள். அந்தக் கதகதப்பு ஆறுகிறவரை ஏட்டு அப்படியே குனிந்து நின்றார்.

அடுத்த வாரம் மாவட்ட அலுவலகத்திலிருந்து ஒரு ஆணை வந்தது. மதியம் மூன்றரையிலிருந்து நாலு மணி வரை ஏட்டு ஞானதிரவியம் தொப்பி அணிய வேண்டியதில்லை என்றும், அந்த அரை மணி நேரத்தில் யாரும் அவருக்கு சல்யூட் அடிக்கக் கூடாது, அதுவரை அவர் மனைவியாகவே இருக்கிறார் என்றும் அதில் எழுதியிருந்தது. ரைட்டர் அதை ஸ்டேஷன் சுவரில் ஒட்டினார்.